நான் திருப்பி எடுத்துக்கொண்ட கவிதை

2014 செப்டம்பர் 24 காலை மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. அன்று மாலைக்குள் ஒரு புகைப்படம் உலகம் முழுக்கப் போய்விட்டது. பெங்களூரு இஸ்ரோ மையத்தில் பட்டுச் சேலையும் தலையில் பூவுமாகச் சில பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து மகிழ்கிற படம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் அன்றிரவே ஒரு கவிதை எழுதினேன். செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பியவர்களின் தலையில் மல்லிகை இருந்தது என்பதுதான் அதன் சாரம். கவிதை கல்லூரி மலரில் வந்தது, பிறகு தொகுப்பில் சேர்ந்தது. மகளிர் தினக் கூட்டங்களில் அதைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். எந்த வரியில் கைதட்டல் விழும் என்பதுகூட எனக்குப் பழகிவிட்டது.

அப்படி ஒரு கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது இயற்பியல் துறை ஆசிரியை ஒருவர் அருகில் வந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னார்: “தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். அந்தப் படத்துல இருக்கறவங்க சயின்டிஸ்ட் இல்ல, அட்மின் ஸ்டாஃப். இஸ்ரோவே பிறகு சொல்லியிருக்கு.”

எனக்கு முகம் சுருங்கிப்போனது. வீட்டுக்கு வந்து தேடினேன். அவர் சொன்னது சரி. படத்தில் இருந்தவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள். மங்கள்யானில் பணியாற்றிய பெண் விஞ்ஞானிகள் பலர் உண்டு. ஆனால் அந்தப் படம் அவர்களுடையதல்ல.

முதலில் வந்த வெட்கம், ‘வெறும்’ அலுவலகப் பெண்களைப் பற்றியா இவ்வளவு பெரிய கவிதை எழுதினோம் என்பது. அந்த ‘வெறும்’ என்ற சொல்லை நான்தான் நினைத்தேன் என்று உணர்ந்தபோது இரண்டாவது வெட்கம் வந்தது. அது இன்னும் போகவில்லை. சம்பளப் பட்டியலும் கொள்முதல் கோப்பும் நகராமல் எந்த ராக்கெட்டும் கிளம்பாது. அந்தப் பெண்கள் தங்கள் நிறுவனத்தின் வெற்றியைக் கொண்டாடினார்கள், அவ்வளவுதான். தங்களை விஞ்ஞானிகள் என்று அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. சேலையையும் பூவையும் பார்த்து அப்படிச் சொன்னது நாம். உண்மை தெரிந்ததும் அவர்களைக் கீழே இறக்கிவிட்டதும் நாம்தான். இதில் விஞ்ஞானிப் பெண்களுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் செய்த வேலை என்னவென்று என் கவிதையில் ஒரு சொல் கிடையாது. இருபது வரியும் பூவைப் பற்றித்தான்.

தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் அந்தக் கவிதையை எடுத்துவிட்டேன். பூவை மட்டும் பார்க்கிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

விண்வெளித் துறையோடு சேர்த்து நான் முதன்முதலில் கேட்ட பெண் பெயர்கள் எவை என்று நினைத்துப் பார்க்கிறேன். மரியம் ரஷீதா, பவுசியா ஹசன். 1994-ஆம் ஆண்டு. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இஸ்ரோ ரகசியங்களை விற்றதாக நம்பி நாராயணன் உள்ளிட்டோர் கைதான வழக்கில் சிக்கவைக்கப்பட்ட மாலத்தீவுப் பெண்கள் இவர்கள். ராக்கெட் என்றால் ஆண்கள் செய்வது, பெண் அதன் பக்கத்தில் வந்தால் மயக்கித் திருட வந்தவள் என்ற கதையை டீக்கடை முதல் எங்கள் வீட்டுத் திண்ணை வரை யாரும் சந்தேகிக்கவில்லை. 1996-இல் சிபிஐ வழக்கில் உண்மையில்லை என்றது. 1998-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2018-இல் உத்தரவு வந்தது, 2019-இல் பத்ம பூஷண், 2022-இல் மாதவன் எடுத்த ‘ராக்கெட்ரி’. அவருக்கு இழைக்கப்பட்டது கொடுமை. படம் பார்த்து நானும் அழுதேன். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்த அந்த இரு பெண்களுக்கு அப்படி ஓர் உத்தரவு வரவில்லை. பவுசியா ஹசன், ‘ராக்கெட்ரி’ வெளியான அதே 2022-இல், ஆகஸ்ட் கடைசி நாளில் இறந்துபோனார். முறிக்கப்பட்ட பணிவாழ்வு என்று நாம் துக்கப்பட ஓர் ஆணுக்குத்தான் ஒரு வாழ்வு இருந்தது. அந்தப் பெண்களுக்கு நாம் வைத்திருந்தது ஒரு பாத்திரம் மட்டும்.

அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் கழித்து நமக்குக் கிடைத்த அடுத்த பாத்திரம், தலையில் பூ வைத்தவள். வசை புகழாக மாறியிருக்கிறது என்பது உண்மை. இரண்டிலும் வேலை கண்ணில் படவில்லை என்பதும் உண்மை.

இடையில் நடந்த ஒன்றைப் பாருங்கள். 2011 ஜூலை 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிசாட்-12 என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் டி.கே. அனுராதா. 1982-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர், இஸ்ரோவில் செயற்கைக்கோள் திட்டம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். பணி இயக்குநர் பிரமோதா ஹெக்டே. இயக்கப் பிரிவின் இயக்குநர் அனுராதா பிரகாசம். மூன்று பேரும் பெண்கள். பிஎஸ்எல்வி ராக்கெட் அந்தச் செயற்கைக்கோளை இறுதிச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் விடவில்லை. பாதி வழியில்தான் விட்டது. அங்கிருந்து அதன் சொந்த எஞ்சினைப் பலமுறை இயக்கி, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றி நிறுத்துவது தரையில் இருந்தவர்களின் வேலை. தொலைமருத்துவத்துக்கும் தொலைக்கல்விக்கும் பயன்படும் அலைவாங்கிகளோடு அது போனது. மங்கள்யானுக்கு மூன்று ஆண்டு முந்தியது இது. இதற்கு நான் கவிதை எழுதவில்லை. என் மாணவிகளில் ஒருத்திக்கும் இந்தப் பெயர்கள் தெரியாது. காரணம் எளியது. இந்த வெற்றிக்குப் பூ வைத்த படம் ஒன்று நம் கையில் இல்லை.

இனி அந்தத் திரைப்படத்துக்கு வருகிறேன். 2019 சுதந்திர தினத்தன்று வெளியான ‘மிஷன் மங்கள்’. ஜெகன் சக்தி இயக்கம். அக்‌ஷய் குமார் தலைவர். வித்யா பாலன், டாப்ஸி, சோனாக்‌ஷி, நித்யா மேனன், கீர்த்தி குல்ஹாரி விஞ்ஞானிகள். ஆணைத் தலைவராகக் காட்டியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். உண்மையிலும் திட்டத்தின் மேலிடத்தில் இருந்தவர்கள் ஆண்கள்தான். மயில்சாமி அண்ணாதுரை, அருணன் என்று இருவருமே நம்மூர்க்காரர்கள். எனக்குப் பிரச்சினை பூரிதான்.

வித்யா பாலனின் பாத்திரம் பூரி பொரித்துக் காட்டுவார். அடுப்பை அணைத்த பிறகும் எண்ணெயில் இருக்கும் சூட்டில் பூரி வெந்துவிடும், அதுபோல எரிபொருளை மிச்சம் பிடித்தே செவ்வாய்க்குப் போய்விடலாம் என்பது அவர் விளக்கம். திரையரங்கில் எல்லோரும் ரசித்த காட்சி. வகுப்பில் இந்தக் காட்சியை எடுத்துக்கொண்டு நான் பொரிந்து தள்ளினேன். பெண்ணின் அறிவு சமையலறையிலிருந்துதான் வர வேண்டுமா, அண்ணாதுரை வேட்டி மடிப்பிலிருந்து பௌதிகம் கற்றார் என்று எந்தப் படமாவது காட்டுமா என்றெல்லாம். முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். “மேம், அந்த சீன்ல எங்க அம்மாவுக்கு ராக்கெட் புரிஞ்சுது. ‘இவ்ளோதானா, இது எனக்கே தெரியுமே’ன்னாங்க. அது தப்பா?”

தப்பில்லை. அவள் அம்மா ஹோட்டலில் மாவு பிசைகிறவர். தன் கைக்குத் தெரிந்த ஒன்று அறிவு என்று திரையில் பெரிதாகச் சொல்லப்பட்டதைக் கேட்ட பெண்ணிடம் நான் என்ன விமர்சனம் சொல்வது? இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு நடந்தேன். அடுத்த வகுப்பில் அவளுக்கு நான் சொன்ன பதில் இது: உன் அம்மாவுக்குப் பூரி புரிந்தது, மகிழ்ச்சி. ஆனால் செவ்வாய்க்குப் போன விதம் அவருக்குச் சொல்லப்படவில்லை. பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். உன் அம்மாவுக்கு அதற்கு மேல் புரியாது என்று முடிவு செய்தது யார்?

நடந்தது பூரியைவிடச் சுவையான கதை. பிஎஸ்எல்வி ராக்கெட்டுக்கு விண்கலத்தை நேராகச் செவ்வாய்ப் பாதையில் தள்ளிவிடும் பலம் இல்லை. ஆகவே 2013 நவம்பர் 5 அன்று ஏவியபின், விண்கலத்தைப் பூமியைச் சுற்றவிட்டு, பூமிக்கு மிக அருகே வரும் நேரம் பார்த்து எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சம் இயக்கினார்கள். ஒவ்வொரு முறையும் சுற்று நீண்டுகொண்டே போகும். ஊஞ்சலில் பிள்ளையை உட்காரவைத்துச் சரியான கணத்தில் தள்ளுவது மாதிரி. (உவமை வீட்டிலிருந்துதான் வருகிறது, பாருங்கள். உவமை வேண்டாம் என்பதல்ல என் கட்சி.) நவம்பர் 11 அன்று நான்காம் முறை எதிர்பார்த்த வேகம் கிடைக்கவில்லை. மறுநாளே கூடுதலாக ஒருமுறை இயக்கிக் குறையைச் சரிக்கட்டினார்கள். டிசம்பர் 1-இல் பூமியை விட்டு விலகியது. பிறகு பத்து மாதப் பயணம்.

அங்கே போய்ச் சேரும்போது உண்மையான சிக்கல். செவ்வாயின் அருகிலிருந்து ஒரு சமிக்ஞை பூமிக்கு வந்துசேர ஏறத்தாழ 12 நிமிடம் ஆகும். ஏதாவது கோளாறு என்று அது சொல்லி, நாம் கேட்டு, பதில் அனுப்பிப் போய்ச் சேர்வதற்குள் காரியம் கெட்டுவிடும். போதாததற்கு, எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே விண்கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்துவிடும். ஆகவே யாரும் சொல்லாமல் தானே பார்த்து, தானே கோளாறைக் கண்டு, தானே முடிவெடுக்கும்படி அதைப் பழக்க வேண்டும். அந்தத் தன்னாட்சி அமைப்பை உருவாக்கும் பணியில் முக்கியப் பொறுப்பில் இருந்தவர் லக்னோவில் பிறந்து வளர்ந்த ரிது கரிதால். ஒரு பெண், ஆணை வராத இடத்தில் தானே முடிவெடுக்க ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். பெண்ணியக் கவிதை எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்களின் பேட்டிகளையும் தேடிப் படித்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் வீட்டைப் பற்றிய கேள்வி வந்துவிடுகிறது. குழந்தைகளின் வீட்டுப்பாடத்தை முடித்துவைத்து, அவர்கள் தூங்கிய பிறகு நள்ளிரவுக்கு மேல் அலுவலக வேலையைத் தொடர்ந்ததாக ரிது கரிதால் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்கக் கூடாது என்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. அந்த நள்ளிரவு உண்மை, அதைப் பதிவுசெய்துதான் ஆக வேண்டும். ஆனால் பேட்டி எடுத்தவர்கள் அதை அவருடைய திறமை என்று பாராட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அந்த மணிகள் யாருக்குச் சேர வேண்டியவை, ஏன் அவரிடமிருந்து மட்டும் எடுக்கப்பட்டன என்று ஒருவரும் நிற்பதில்லை. என்னையும் மேடைகளில் ‘குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு கவிதையும் எழுதுபவர்’ என்றுதான் அறிமுகம் செய்வார்கள். முன்பெல்லாம் தலையாட்டிச் சிரிப்பேன்.

ஆண் விஞ்ஞானியின் கதையில் வீடு வராமல் இல்லை. அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ நம் பள்ளிகளில் பரிசாகக் கொடுத்துக் கொடுத்தே தேய்ந்த புத்தகம். சென்னை எம்ஐடியில் சேர ஆயிரம் ரூபாய் அளவுக்குத் தேவைப்பட்டபோது அவருடைய அக்கா சோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்ததை அவர் நன்றியோடு எழுதுகிறார். என் மாணவிகளிடம் இந்தப் பகுதியைக் கேட்டால் ‘அக்காவின் பாசம்’ என்பார்கள். நான் அதை ஒரு முதலீடு என்று படிக்கச் சொல்கிறேன். இந்திய ராக்கெட் வரலாற்றுக்குள் வந்த ஒரு பெண்ணின் சொத்து. சோஹராவுக்குப் படிக்க ஆசை இருந்ததா என்று கேட்க நமக்கு ஒரு பக்கம்கூட இல்லை. ஆணின் பணிவாழ்வில் வீடு உதவியாக வந்து, ஒரு பத்தியோடு ஒதுங்கிக்கொள்கிறது. பெண்ணின் பணிவாழ்வில் அது வாசலிலேயே நின்று கணக்குக் கேட்கிறது.

சந்திரயான்-2 இன்னொரு பாடம். 2019 ஜூலை 22 அன்று அது ஏவப்பட்டபோது திட்ட இயக்குநர் சென்னையைச் சேர்ந்த முத்தையா வனிதா, பணி இயக்குநர் ரிது கரிதால். கோள்களுக்கிடையிலான இந்தியப் பயணம் ஒன்றுக்குப் பெண் ஒருவர் திட்ட இயக்குநரானது அதுவே முதல்முறை. ஏவப்படும் வரை அட்டைப்படக் கட்டுரைகள் தூள் பறந்தன. செப்டம்பர் 7 அதிகாலை விக்ரம் தரையிறங்கியின் தொடர்பு அறுந்தது. அன்று நாடு பார்த்த படம், தலைவர் சிவன் பிரதமரின் தோளில் சாய்ந்து அழுதது. ஓர் ஆண் உலகத்தின் முன்னால் அழ முடிந்தது நல்ல காட்சி, அதைக் கேலி செய்தவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்த வேலையின் பொறுப்பைச் சுமந்த இரு பெண்களின் முகம் அன்று எங்கே இருந்தது என்று நான் உட்பட யாரும் கேட்கவில்லை. அந்தத் திட்டத்தின் சுற்றுகலன் நிலவைச் சுற்றித் தன் வேலையைச் செய்துகொண்டேயிருந்தது. அதையும் நாம் கவனிக்கவில்லை. சந்திரயான்-3-க்குத் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல், இணைத் திட்ட இயக்குநர் கல்பனா. பொறுப்புகள் கைமாறுவது எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான். என் கேள்வி நம்மைப் போன்ற வாசகர்களிடம். ஜூலையில் வனிதாவைக் கொண்டாடிய நமக்கு அக்டோபரில் அவரைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றாதது ஏன்? பெண்ணை அவள் வேலைக்காகக் கொண்டாடியிருந்தால், தரையிறங்கி விழுந்த பிறகும் அந்த வேலை அங்கேதான் இருந்தது.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. மூன்று நாள் கழித்து அந்த இடத்துக்குப் பிரதமர் ‘சிவசக்தி’ என்று பெயர் சூட்டினார். சக்தி என்பது பெண் விஞ்ஞானிகளின் உழைப்பையும் குறிக்கும் என்றார். ஒரு நாட்டின் அறிவியல் நிறுவனம் இறங்கிய இடத்துக்குச் சமயப் பெயர் ஏன் என்ற கேள்வி ஒருபக்கம் இருக்கட்டும். பெண்கள் பலர், சக்தி ஒருத்தி. நூறு பேரை ஒரு தெய்வமாக்கினால் யார் பெயரையும் எழுத வேண்டியதில்லை. சக்திக்குச் சம்பள உயர்வு, பதவி உயர்வு, பேறுகால விடுப்பு, குழந்தைகள் காப்பகம் எதுவும் தேவைப்படாது.

பெயர் என்றதும் இன்னொன்று. ககன்யானில் விண்ணுக்குப் போகத் தேர்வானவர்களை 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். நால்வரும் விமானப் படையின் சோதனை விமானிகள், நால்வரும் ஆண்கள். அவர்களுக்கு முன்பு, ஆளில்லாப் பயணத்தில் போவதற்கென்று 2020 ஜனவரியிலேயே ஓர் இயந்திரத்தை அறிமுகம் செய்திருந்தார்கள். பெண் உருவம், பெண் குரல். பெயர் வியோமித்ரா. வியோம என்றால் வானம், மித்ரா தோழமை. பொத்தான்களை இயக்குவாள், சொன்னதைச் செய்வாள், வீரர்களோடு துணைக்குப் பேசுவாள். அவளுக்குக் கால்கள் கிடையாது. பாதி மனித உருவம் என்பதால் அப்படி என்று தொழில்நுட்ப விளக்கம் உண்டு, எனக்குப் புரிகிறது. ஆனாலும் கவிதை எழுதுகிறவளின் கண் அந்த இடுப்புக்குக் கீழே போய் நின்றுவிடுகிறது. 1969-இல் தொடங்கிய நிறுவனத்தில் இதுவரை தலைவராக ஒரு பெண் வந்ததில்லை என்பதையும் இதோடு சேர்த்தே வாசிக்கிறேன்.

என் ஆய்வு சங்கப் பெண்பாற் புலவர்களைப் பற்றியது. அவர்களில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று ஒருவர். காக்கையைப் பாடியதால் அந்தப் பெயர். அவர் யார் மனைவி, எத்தனை பிள்ளைகள், வீட்டையும் பாட்டையும் எப்படிச் சமாளித்தார் என்று தொகுத்தவர்கள் எழுதிவைக்கவில்லை. செய்ததைச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முன்பு நம்மிடம் இருந்த வழக்கம்தான். செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்து, 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்து, 2023-இல் ஆதித்யா எல்-1 திட்டத்தை இயக்கிய நிகார் ஷாஜியை, சூரியனைப் பார்க்கப் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் ஒரு கண் வைத்தவர் என்று அழைக்கலாம். அரியலூரின் வளர்மதியை, மேகத்தையும் இரவையும் ஊடுருவிப் பார்க்கும் ரிசாட்-1-ஐ 2012-இல் அனுப்பியவர் என்று. கலாம் பெயரில் தமிழக அரசு நிறுவிய விருதை 2015-இல் முதலில் பெற்றவர் அவர். அந்தச் செய்தியை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

கவிதையை எடுத்த இடத்தில் வேறொன்று வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டார். மங்கள்யானின் முதன்மை எஞ்சின் 300 நாள் வரை இயங்காமல் கிடந்தது. அது எழுமா என்று பார்க்க, செவ்வாயை அடைவதற்கு இரண்டு நாள் முன்பு, செப்டம்பர் 22 அன்று, நான்கு விநாடிக்கும் சற்றுக் குறைவாக அதை இயக்கிப் பார்த்தார்கள். அந்த நான்கு விநாடியை எழுத வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். கணக்குப் புரியாத இடங்களை அந்த இயற்பியல் ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாரம் ஒருநாள், மூன்றாம் பாடவேளை இருவருக்கும் ஓய்வு. கவிதை இன்னும் வரவில்லை.